பஸ்ஸைக் கொண்டுவந்தது யார்

ஒன்பதாம் வகுப்புக்குச் சமூகச் சீர்திருத்தப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். அந்தப் பாடத்தில் பெண்கள் நிறைய வருவார்கள். ஆனால் ஒன்றும் செய்ய மாட்டார்கள். அவர்களுக்குக் கல்வி வழங்கப்படும். மறுமணம் அனுமதிக்கப்படும். தீயிலிருந்து காப்பாற்றப்படுவார்கள். எல்லாவற்றையும் அவர்களுக்காக வேறு யாரோ செய்திருப்பார்கள். பெண்களின் முன்னேற்றத்துக்குப் பாடுபட்டவர்கள் யாவர் என்று பரீட்சையில் கேட்டால், பிள்ளைகள் ஆண்களின் பெயர்களை வரிசையாக எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள்.

நான் பெரம்பலூர்க்காரி. தினமும் அங்கிருந்து அரியலூர் வந்து, டவுன் பஸ் மாறி, கீழப்பழுவூரைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊரின் அரசுப் பள்ளிக்குப் போகிறேன். சமூக அறிவியல் ஆசிரியை. ஊரின் பெயர் இங்கே வேண்டாம். முதலில் ஊர்த்தெரு வரும், பிறகு பள்ளிக்கூடம், அதையும் தாண்டி வயலோரமாகப் போனால் காலனி. பஸ் காலனி வரை போய்த் திரும்பும். ஊர்த்தெருவில் ஒரு நிழற்குடை உண்டு. அதன் சுவரில் ஒரு கல்வெட்டு. இன்னாருடைய பெருமுயற்சியால் இந்தப் பேருந்து வழித்தடம் நீட்டிக்கப்பட்டது என்று அதில் வெட்டியிருக்கும். அந்த இன்னார் முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர். பதவி போய் எவ்வளவோ காலமாகியும் ஊரில் அவரை இன்னும் 'பிரசிடெண்டு' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

போன வருஷம் அந்தப் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். உங்கள் ஊரில் ஒரு பெண் செய்த ஒரு காரியத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வர வேண்டும். சமைத்தது, பிள்ளை பெற்றது, கஷ்டப்பட்டு வளர்த்தது எல்லாம் கணக்கில் வராது. ஊருக்கே மாற்றம் வந்த காரியமாக இருக்க வேண்டும்.

மறுநாள் வகுப்பு முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. "அப்படி யாரும் இல்ல டீச்சர்" என்றான் ஒருவன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். காலனிப் பெண். அதிகம் பேசாதவள்.

"நம்மூருக்கு பஸ்ஸு எங்கம்மாவாலதான் வந்துச்சு டீச்சர்."

வகுப்பு சிரித்தது. முன் வரிசையில் இருந்த இன்னொரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவள் பிரசிடெண்டின் மகள். வகுப்பிலேயே நன்றாக எழுதக்கூடியவள். அவளும் எழுந்து நின்றாள்.

"பஸ்ஸ கொண்டாந்தது எங்கப்பா டீச்சர். கல்லுலயே எழுதியிருக்கு."

"கல்லுல எழுதிட்டா ஆச்சா?" என்று பின்னாலிருந்து பதில் வந்தது.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன். "விசாரிப்போம். வரலாறுன்னா விசாரிக்கிறதுதான்" என்றேன்.

காலனிப் பெண்ணின் அம்மா எனக்குப் பழகிய முகம்தான். அரியலூரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்பவர். காலையில் நான் பஸ்ஸைவிட்டு இறங்குவேன், அதே பஸ் காலனிக்குப் போய்த் திரும்பி வரும்போது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். அந்தச் சனிக்கிழமை, பள்ளி விடுமுறையில், காலனி வரை போய், அரியலூர் திரும்பும் பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். முதலில் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, பஸ்ஸில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"முன்னெல்லாம் பஸ்ஸு ஊர்த்தெரு கோயிலோட திரும்பிடும் டீச்சர். காலனிக்கு வராது. வெளியூருக்குப் படிக்கப் போற எங்க புள்ளைங்க காலனியிலேருந்து கோயில் வரைக்கும் நடந்து வந்துதான் ஏறணும். சாயங்காலம் இருட்டுல கருவக்காட்டு வழியா நடந்து வூட்டுக்குப் போவணும். ஒரு நாளு எவனோ ஒரு புள்ளகிட்ட வம்பு பண்ணிட்டான். அதோட எல்லாப் பொட்டப் புள்ளைங்களையும் படிப்ப நிறுத்திட்டாங்க. என் தங்கச்சியையும் நிறுத்துனாங்க. அழுது பொரண்டா."

"பஸ் ஏன் காலனிக்கு வரல? ரோடு இல்லையா?"

"ரோடு இருந்துச்சு." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பஸ்ஸு காலனியில போயி திரும்புச்சுன்னா நாங்கதான மொதல்ல ஏறுவோம். மொதல்ல ஏறுனா சீட்டுல உக்காருவோம். ஊர்த்தெருக்காரங்க நின்னுக்கிட்டு வரணும். அதான்."

இதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தீண்டாமை பற்றிய பாடத்தை எத்தனையோ முறை நடத்தியவள் நான். ஒரு பஸ் எங்கே திரும்புகிறது என்பதில் அது ஒளிந்திருக்கும் என்று எந்தப் பாடத்திலும் நான் சொன்னதில்லை.

பிறகு நடந்ததை அவர் சொல்லக் கேட்டேன். காலனிப் பெண்கள் ஒரு நாள் காலையில் நடவுக்குப் போகாமல், பஸ் திரும்பும் இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். டிரைவர் கொஞ்ச நேரம் ஹாரன் அடித்துப் பார்த்தார். பிறகு என்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஊர்த்தெரு ஆட்கள் வந்து திட்டினார்கள். வெயில் ஏறியது. யாரும் எழவில்லை. மதியத்துக்கு மேல் போலீஸ் வேன் வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டுபோய் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விட்டது. இவர் தன் கைக்குழந்தையோடு போயிருந்தார். அந்தக் குழந்தைதான் என் வகுப்பின் கடைசி வரிசையில் இருப்பவள். மறுநாளும் போய் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு அதிகாரிகள் வந்தார்கள், பேச்சுவார்த்தை நடந்தது, கொஞ்ச நாளில் பஸ் காலனிக்கு வந்தது.

"மொத நாளு பஸ்ஸு வந்தப்ப யாருக்கும் எங்கயும் போற வேல கெடையாது. ஆனாலும் எல்லாரும் ஏறி உக்காந்து அரியலூரு வரைக்கும் போயிட்டு அதே பஸ்ஸுல திரும்பி வந்தோம்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழவில்லை.

அவரையும் அவரோடு உட்கார்ந்த இன்னும் இரண்டு பெண்களையும் வகுப்புக்கு வரச் சொன்னேன். தலைமையாசிரியர் கையைப் பிசைந்தார். கெட்டவர் அல்ல. ஓய்வுபெறும் வரை தன் பெயரில் ஒரு புகாரும் வந்துவிடக் கூடாது என்று நினைப்பவர்.

"இது சிலபஸ்ல இருக்கா டீச்சர்?"

"பாடத்துக்குப் பின்னாடி செயல்பாடுன்னு ஒரு கட்டம் போட்டிருக்கான் சார். உள்ளூர்ப் பெரியவங்களப் பாத்துக் கேட்டு எழுதச் சொல்லி."

"அதையெல்லாம் யாராவது செய்வாங்களா?"

"நான் செய்றேன் சார்."

மூன்று பேரும் வந்தார்கள். பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். நான் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். முதலில் உட்கார்ந்தது யார் என்பதிலேயே அந்த மூன்று பேருக்குள் சண்டை வந்துவிட்டது. நான்தான் என்றார் ஒருவர். நீ பின்னாடி வந்தவ என்றார் இன்னொருவர். டிரைவர் கெட்ட வார்த்தை சொன்னார் என்று ஒருவர் சொல்ல, பாவம் அந்த ஆள் நல்ல மனுஷன் என்று ஜவுளிக்கடை அம்மா மறுத்தார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவர்கள் போன பிறகு அதையே பாடமாக்கினேன். நேரில் பார்த்தவர்களே மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள், அப்படியானால் எதை நம்புவது, எதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள் என்று பலகையில் எழுதிப் பேசினோம். என் பணிக்காலத்தில் நான் நடத்திய நல்ல வகுப்பு அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அதற்கு முன், அந்த மூன்று பேரும் வகுப்பில் இருக்கும்போதே பிரசிடெண்டின் மகள் எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். முகம் சிவந்திருந்தது.

"அப்ப எங்கப்பா ஒண்ணுமே செய்யலையா?"

ஜவுளிக்கடை அம்மா அவள் பக்கம் திரும்பினார். "செஞ்சாரு கண்ணு. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆபீசுக்கு அலைஞ்சு மனு குடுத்தாரு. எங்களுக்கு ஆபீசுல யாரத் தெரியும்? ஆனா நாங்க உக்காந்தப்பறம்தான் குடுத்தாரு. அதுக்கு முன்னாடி நாங்க கேட்டப்பல்லாம் பாக்கலாம், பாக்கலாம்னுதான் சொன்னாரு."

அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த மாத அலகுத் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி வைத்தேன். 'நம் ஊருக்குப் பேருந்து வந்த வரலாற்றைச் சான்றுகளுடன் எழுதுக.' பலர் கல்வெட்டை அப்படியே எழுதியிருந்தார்கள். சிலர் மூன்று பெண்கள் சொன்னதை எழுதியிருந்தார்கள். பிரசிடெண்டின் மகள் இரண்டையும் எழுதியிருந்தாள். கல்வெட்டு என்ன சொல்கிறது, நேரில் இருந்தவர்கள் என்ன சொல்கிறார்கள், யாருக்குக் கல் வெட்டும் வசதி இருந்தது என்று எழுதிவிட்டு, 'கல்லில் இருப்பது பொய் அல்ல, ஆனால் பாதி' என்று முடித்திருந்தாள். ஐந்துக்கு ஐந்து போட்டேன்.

தேர்வுத் தாளில் பெற்றோர் கையெழுத்து வாங்கி வர வேண்டும் என்பது எங்கள் பள்ளி வழக்கம். இரண்டு நாள் கழித்துப் பிரசிடெண்டே வந்தார். வெள்ளை வேட்டி, கூட இரண்டு ஆட்கள். தலைமையாசிரியர் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். தாள் மேசைமேல் கிடந்தது.

"எம்புள்ளைய எனக்கு எதிரா எழுத வெச்சிருக்கீங்க" என்றார்.

"எழுதினது உங்க பொண்ணுதாங்க. நான் கேள்விதான் கேட்டேன்."

"பொம்பளப் புள்ளைங்களுக்கு வரலாறு சொல்லிக் குடுங்க, வேணாங்கல. ராணிங்க இல்லையா, வீரப் பெண்மணிங்க இல்லையா? எங்கயோ கெடந்ததக் கிளறி ஊருக்குள்ள தெருவுக்குத் தெரு மூட்டிவுடுறதா வரலாறு?"

"நான் எதையும் மூட்டலைங்க. பஸ் முன்னாடி எங்க திரும்புச்சு, இப்ப எங்க திரும்புது, அவ்வளவுதான் கேட்டேன்."

தாளை மேசையிலேயே ஒதுக்கித் தள்ளினார். பிறகு, "நீங்க பெரம்பலூருல எந்தத் தெரு?" என்றார். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்றேன்.

அவர் போன பிறகு தலைமையாசிரியர் கெஞ்சினார். தேர்வையே ரத்து செய்துவிடலாம், வேறு கேள்வித்தாள் வைக்கலாம், விஷயம் முடிந்துபோகும் என்றார். "ரத்து செஞ்சா அந்தப் புள்ள எழுதுனது தப்புன்னு ஆயிடும் சார். தப்பு இல்ல. நான் செய்ய மாட்டேன்" என்றேன்.

புகார் மேலே போனது. சாதி மோதலைத் தூண்டும் வகையில் பாடம் நடத்தினேன் என்று விளக்கம் கேட்டு மெமோ வந்தது. வீட்டில் என் கணவர் படித்துப் பார்த்துவிட்டு, "மன்னிப்புக் கேட்டுட்டா?" என்று மட்டும் கேட்டார். நான் சோற்றை வடிக்கப் போனேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆசிரியர் அறையில் என்னோடு சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் ஒவ்வொருவராக வேறு மேசைக்குப் போனார்கள். ஜவுளிக்கடை அம்மா ஒரு நாள் மாலை அரியலூர் பஸ் ஸ்டாண்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உங்கள மாத்தப் போறாங்கன்னு பேசிக்கிறாங்க. நாங்க வந்து ஆபீசு வாசல்ல உக்காரட்டுமா டீச்சர்?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "தேவைப்பட்டா சொல்றேன்" என்று வந்துவிட்டது.

விசாரணைக்குக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். பெற்றோரையும் வரச் சொல்லியிருந்தார்கள். பிரசிடெண்டு தன் மனைவியோடும் அதே இரண்டு ஆட்களோடும் வந்திருந்தார். அந்த அம்மாவை நான் அதுவரை பார்த்ததில்லை. கல்யாணத்துக்குப் போவதுபோல் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அதிகாரி மகளைக் கூப்பிட்டு, தாளைக் காட்டிக் கேட்டார்.

"இத டீச்சர் சொல்லிக் குடுத்து எழுதுனியா?"

"இல்ல சார்."

"அந்த மூணு பேரு சொன்னத மட்டும் வெச்சிக்கிட்டா உங்கப்பாவப் பத்தி இப்படி எழுதுன?"

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். "எங்கம்மாகிட்டயும் கேட்டேன் சார்."

எனக்கு நேர்வதற்கு நான் தயாராகத்தான் வந்திருந்தேன். அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் இன்றைக்கு எந்த வீட்டுக்குத் திரும்பிப் போகப் போகிறார்கள் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. பிரசிடெண்டு மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா எழுந்து நின்றார்.

"நான்தான் சொன்னேன்" என்றார் கணவரிடம். அதிகாரியிடம் பேசவே இல்லை. "அன்னிக்கு நீங்க ஊர்லயே இல்ல. திருச்சிக்குப் போயிருந்தீங்க. வெயில்ல அவ்வளவு பொம்பளைங்க குந்தியிருந்தாங்க, ஊர்த்தெருவுல ஒரு வூட்டுலயும் தண்ணி குடுக்கல. இவளத் தொட்டில்ல தூங்கப் போட்டுட்டு நான்தான் கொடத்துல தண்ணி கொண்டுபோயி குடுத்தேன். உங்க ஆத்தாகிட்ட அதுக்கு வாங்குன பேச்சு எனக்குத்தான் தெரியும். உங்ககிட்ட யாரும் சொல்லல. நானும் சொல்லல. புள்ள கேட்டா. புள்ளகிட்ட நான் பொய் சொல்லணுமா?"

பிரசிடெண்டோடு வந்த ஆட்களில் ஒருவர் எழுந்து வெளியே போனார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிம்மா, உக்காருங்க" என்றார். அந்த அம்மா உட்காரவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "வகுப்புக்குப் போ" என்று அவளை அனுப்பிவிட்டுத்தான் வெளியே நடந்தார். என்னைத் தாண்டிப் போகும்போது நின்று, "அடுத்த தடவ என்னையும் கூப்பிடுங்க டீச்சர்" என்றார்.

அந்த வீட்டில் அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் மகள் பள்ளிக்கு வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். என்னிடம் சில மாதங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கடைசி வரிசைப் பெண்ணிடம் மட்டும் பேச ஆரம்பித்திருந்தாள். அவர்கள் தோழிகளானார்கள் என்று சொல்ல முடியாது. பரீட்சை நேரத்தில் புத்தகம் மாற்றிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

என்னை மாற்றவில்லை. 'எச்சரிக்கப்படுகிறார்' என்று ஆணை வந்தது. இனிப் பாடநூலுக்கு வெளியே வினாக்கள் கேட்கக் கூடாது என்று அதில் இருந்தது. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். தலைமையாசிரியர் பேனாவை நீட்டினார். கையெழுத்துப் போட்டு அதற்கு மேலே, 'பெற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொள்ளவில்லை' என்று எழுதினேன்.

"இதெல்லாம் எதுக்கு டீச்சர்? போட்டமா போனமான்னு இருக்கலாம்ல?" என்றார்.

"நாளைக்கு யாராவது இந்த ஃபைல எடுத்துப் படிப்பாங்க சார். நான் சம்மதிச்சேன்னு நெனச்சிடக் கூடாது."

இந்த வருஷம் புது ஒன்பதாம் வகுப்பு. அதே பாடம் வந்தது. அதே வீட்டுப்பாடத்தைக் கொடுத்தேன். இந்த முறை தலையைக் குனிந்துகொண்டு யாரும் உட்காரவில்லை. சுடுகாட்டுப் பாதைக்காகச் சண்டை போட்ட அத்தை, பஞ்சாயத்துக் கூட்டத்தில் கணவரை வெளியே நிற்கவைத்துவிட்டுத் தானே பேசிய வார்டு மெம்பர் என்று கொண்டுவந்தார்கள். சிலது கட்டுக்கதை, விசாரித்தால் தெரிந்துவிடும். ரெட்டிபாளையம் பக்கமிருந்து புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், தன் சித்தி சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறாள் என்றாள்.

"அது வேல. அது எப்படி வரலாறு ஆவும்?" என்றான் ஒரு பையன்.

"அவங்களுக்கு முன்னாடி அங்க எந்தப் பொம்பளையாவது ஓட்டுனாங்களா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

"எங்களுக்குத் தெரியாதுல்ல."

"அப்ப விசாரிச்சிட்டு வா."

வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்த ஆரம்பித்தது. தலைமையாசிரியர் வராந்தாவில் வந்து ஜன்னலோரம் நின்றார். ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி அவருக்கு.

"சத்தம் ஆபீசு வரைக்கும் கேக்குது டீச்சர்" என்றார்.

"கேக்கட்டும் சார்" என்றேன். பலகைப் பக்கம் திரும்பி, லாரி என்று பெரிதாக எழுதினேன்.